நாற்பத்தொன்று வாங்கிய வீடு

என் ஃபிரிட்ஜைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீல நிறம், ஒற்றைக் கதவு. பதினெட்டுத் தவணையில் ஏழு கட்டியாகிவிட்டது. வீட்டு முன்னறையில் நான் நடத்தும் துணி ஆல்டரேஷன் கடையில் ஜிப் மாற்றி, பேன்ட் உயரம் குறைத்து, கட்டிய புருஷனிடம் சல்லிக்காசு கேட்காமல் நானே வாங்கியது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அதை வாங்கும்போது தவணைக் கடைக்காரன் வீட்டைப் பார்த்துவர ஓர் ஆளை அனுப்பினான். நான் தரையைத் தேய்த்துக் கழுவி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு, பக்கத்து வீட்டு நாற்காலி இரண்டைக் கேட்டு வாங்கிப் போட்டு, வந்த ஆளுக்கு ஜூஸ் கொடுத்தேன். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு ‘நல்ல குடும்பம்’ என்று எழுதிக்கொண்டு போனான். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. பணம் கொடுக்கிறவர்கள் வீட்டைப் பார்க்க வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில் அன்றைக்கே நான் தேறிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

என் தங்கச்சி எதிர் வரிசையில் இருக்கிறாள். மூன்று மாடி ஏறி, அதற்கும் மேலே மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அவள் துணி ஃபாக்டரியில் செக்கிங் பார்க்கிறாள். சட்டை சட்டையாகப் புரட்டி நூல் பிசிறு கத்தரிக்கிற வேலை. அவள் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர், முதுகெலும்பு நழுவிப்போய் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு இப்போது வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழிக்கிறார். ஒரே மகள். குறைமாதத்தில் உள்ளங்கை அளவாகப் பிறந்ததால் அவளுக்குப் பொடிசு என்று நான்தான் பேர் வைத்தேன். பதினெட்டு வயதாகியும் அந்தப் பேர் மாறவில்லை, ஆளும் பெரிதாக வளரவில்லை. மூளை மட்டும் வளர்ந்தது.

அந்தப் பொடிசுக்குத்தான் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஃபார்மசி படிக்க இடம் கிடைத்தது. எங்கள் இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய கால் அதுவரை ஒன்றுகூடக் கிடையாது. சேதி வந்த அன்றே நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாடி ஏறிவிட்டேன். முதல் நாளே வெள்ளைக் கோட்டுடன் வர வேண்டும் என்று பட்டியலில் போட்டிருந்தது.

“நேரா நில்லுடி. கூன் போட்டா கோட்டும் கூன் போடும்.”

“பெரியம்மா, ஃபீஸ் கட்டினப்புறம் தைச்சுக்கலாமே.”

“வாயை மூடு. நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாத.”

தோள் பதின்மூன்றரை, கை இருபத்தொன்று, உயரம் முப்பத்துநாலு. என் நோட்டுப் புத்தகத்தில் ‘பொடிசு கோட்’ என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டேன்.

ஃபீஸ் என்பது தங்கச்சியின் ஒன்பது மாதச் சம்பளம். முன்பெல்லாம் பல்கலைக்கழகப் படிப்பு எல்லாருக்கும் இலவசமாம், ஆனால் எண்ணூறு பேருக்குத்தான் இடமாம். இப்போது நாலாயிரம் பேருக்கு இடம் கொடுக்கிறார்கள், ஃபீஸ் வாங்குகிறார்கள். இல்லாதவர்களுக்கு மட்டும் ஃபீஸை அரசாங்கமே கட்டிவிடும். பொடிசு அதற்குத்தான் விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒரு கடிதம் வந்தது. ‘குடும்பத்தின் நிலை நேரில் பார்வையிடப்படும். செவ்வாய்க்கிழமை.’

தங்கச்சி கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, வீட்டைப் பாக்க ஆபீசர் வர்றாராம். அந்த வீட்டைப் போய் என்னன்னு காட்டுறது?”

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன்.

எங்கள் கணக்கு இதுதான்: இவ்வளவு பணத்தை ஒரு வீட்டை நம்பிக் கொடுக்கப்போகிறவன், அது நாலு வருஷம் பிள்ளையைப் படிக்க வைத்துக் கரை சேர்க்கிற வீடுதானா என்று பார்க்கத்தானே வருவான்? தகரக் கூரையையும் கோரைப் பாயையும் பார்த்தால், ‘இவர்கள் ஆறு மாதத்தில் பெண்ணை வேலைக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று போய்விட மாட்டானா? நான் சொன்னேன், தங்கச்சி தலையாட்டினாள். அவள் பிறந்ததிலிருந்தே நான் சொல்வதற்குத் தலையாட்டித்தான் பழக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொடிசுக்குப் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் சரிபார்ப்பு. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். விடிந்ததும் கிளம்பியவள் என் கடை வாசலில் நின்று சொன்னாள்: “பெரியம்மா, அவர் வரும்போது வீடு இருக்கிறபடியே இருக்கட்டும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க எதுவும் பண்ண வேண்டாம்.”

“சரிடி, சரி. பஸ்ஸை விட்டுடாத” என்று அனுப்பிவைத்தேன். படிக்கிற பிள்ளைக்கு உலகம் தெரியாது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்தேனே பாவி!

அவள் தெருமுனை தாண்டியதும் வேலை ஆரம்பமாயிற்று. என் இரும்புக் கட்டிலும் மெத்தையும் போயின. பழைய தையல் மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது, அதுவும் போயிற்று. தைக்க இல்லை, மேலே பூப்போட்ட துணியை விரித்தால் ஜூஸ் தட்டு வைக்க மேஜை மாதிரி இருக்கும் என்று. கடைசியாக ஃபிரிட்ஜ். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மூன்று மாடி ஏறிவருகிறவருக்கு ஜில்லென்று ஒரு வாய் கொடுக்காவிட்டால் நாமெல்லாம் மனுஷரா?

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். “ஜூஸை இங்கயே வச்சு எடுத்துட்டுப் போனா ஆகாதா?” என்றார். வருஷத்துக்கு ஒரு தடவைதான் அவர் உருப்படியாகப் பேசுவார், அதையும் நான் கேட்க மாட்டேன். அவர் ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் பிடித்தது பொடிசின் அப்பா. “நீங்க வேண்டாம் தம்பி, முதுகு” என்று தடுத்தேன். “எம் பொண்ணுக்குத்தானே அக்கா” என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி, மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினொன்றரைக்கு அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் டேப்லெட். பள்ளிக்கூட வாத்தியாராம், லீவில் இந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். உட்கார்ந்ததும் ஜூஸை நீட்டினேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “ரொம்ப நன்றிம்மா, இன்னிக்கு இது ஏழாவது வீடு” என்றார். நல்ல மனுஷர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கூரையைப் படம் எடுத்தார். அடுப்பைப் படம் எடுத்தார். ஃபிரிட்ஜ் முன்னால் வந்ததும் நின்றார். தங்கச்சியைப் பார்த்து, “இது உங்களுதுதானாம்மா?” என்று கேட்டார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் நான் முந்திக்கொண்டேன்.

“பின்னே? பக்கத்து வீட்டுலயா சார் கேட்டு வாங்கிட்டு வருவோம்?”

அவர் டேப்லெட்டில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அறையின் நான்கு மூலையையும் ஒரு தடவை பார்த்தார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இவங்க சொந்தமா வாங்கினதா?” என்று மறுபடியும் கேட்டார். அந்த இரண்டாவது தடவை எதற்குக் கேட்டார் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். அப்போது என்னவோ, எங்களைப் பார்த்தால் ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்களாகத் தெரியவில்லையா என்று சுருக்கென்று கோபம்தான் வந்தது.

“என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ரொக்கம் கொடுத்து வாங்கினது. தவணைகூட இல்ல.”

அவர் டேப்லெட்டைத் தூக்கினார். படம் எடுத்தார். கட்டில், மெத்தை, தையல் மெஷின், எல்லாவற்றையும் எடுத்தார். தங்கச்சியிடம் விரல் ரேகை வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்குப் பொடிசு திரும்புவதற்குள் சாமான்களைக் கீழே இறக்கி, அப்பாவுக்கு வழக்கமான முதுகுவலிதான் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பத்து நாள் கழித்துத் தங்கச்சியின் போனுக்குச் செய்தி வந்தது. ‘உங்கள் குடும்பத்தின் மதிப்பெண் 41. வரம்பு 35.’ ஃபாக்டரியில் வைத்தே எனக்குப் போன் போட்டாள். “அக்கா! முப்பத்தஞ்சு எடுத்தாப் போதுமாம், நாம நாப்பத்தொண்ணு எடுத்துருக்கோம்!” அவள் வரிசையில் இருந்த இருபது பேருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தாள். நான் வெள்ளைத் துணியை எடுத்து அன்றைக்கே கோட்டை வெட்டினேன்.

சாயங்காலம் பொடிசு வந்தாள். நாங்கள் எல்லாரும் மாடியில்தான் இருந்தோம். போனை வாங்கிப் படித்தாள். ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா, இது குறைவா வாங்கணும்மா. முப்பத்தஞ்சுக்கு மேல போனா வசதியான வீடுன்னு அர்த்தம். பணம் கிடையாது.”

யாருக்கும் விளங்கவில்லை. அவள்தான் விளக்கினாள். கூரைக்கு இத்தனை, சம்பளத்துக்கு இத்தனை, வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் இத்தனை. “நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நமக்கு இருபத்தொம்பதுதான் வரணும். எப்படிம்மா பன்னெண்டு ஏறிச்சு?”

தங்கச்சி என்னைப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்காரர் பாயில் படுத்திருந்தார், ஃபிரிட்ஜ் தூக்கிய நாளிலிருந்து அவரால் சரியாக எழுந்திருக்க முடியவில்லை. நான்தான் சொன்னேன். கட்டில், மெஷின், ஃபிரிட்ஜ், ஜூஸ், ரொக்கம் கொடுத்து வாங்கினது என்று சொன்னது, எல்லாவற்றையும். பன்னிரண்டு வருஷம் மார்க் வாங்கு மார்க் வாங்கு என்று அவளை விரட்டியவள் நான். மார்க் குறைவாக வாங்க வேண்டிய ஒரே பரீட்சையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனாள், நாங்கள் அதில் மார்க்கை அள்ளிக் குவித்துவிட்டோம்.

அவள் என்னைத் திட்டவில்லை. “ஃபிரிட்ஜை யாரு தூக்கினது?” என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். எழுந்துபோய் அப்பாவின் இடுப்பில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஃபீஸ் கட்ட எட்டு நாள் இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதுதான் என் கொள்கை. ஃபிரிட்ஜ் வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டேன், அதில் என் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஃபிரிட்ஜ் என்னுடையது, இரவல் கொடுத்தேன் என்று ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, பொடிசோடு உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன்.

வரிசை வராந்தா தாண்டி வெயிலில் நின்றது. இரண்டரை மணி நேரம். கவுன்டரில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு மேடம். எங்கள் எண்ணைத் தட்டிப் பார்த்தார். “ஃபிரிட்ஜ் ஆறு. கட்டில் மெத்தை மூணு. தொழில் மெஷின் மூணு” என்று வாசித்தார்.

எனக்கு அந்தக் கணக்கு மட்டும் உடனே புரிந்தது. நாற்பத்தொன்றில் ஆறு போனால் முப்பத்தைந்து. கட்டிலும் மெஷினும் இருந்துவிட்டுப் போயிருக்கலாம். என் ஃபிரிட்ஜ் ஒன்று மாடி ஏறாமல் இருந்திருந்தால் போதும்.

“மேடம், அது எல்லாமே என்னோடது. இதோ ரசீது. இதோ கடிதம்.”

மேடம் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் யாராவது கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் கடிதத்தை என் பக்கமே தள்ளினார்.

“இதை நான் வாங்கலைம்மா. நீங்களும் யார்கிட்டயும் கொடுக்காதீங்க.”

“ஏன் மேடம்? உண்மைதானே எழுதிருக்கேன்?”

“உண்மைதான். ஆனா சர்வேக்கு வந்தவர்கிட்ட வேற சொல்லி ரேகை வச்சிருக்கீங்க. இதை நான் பதிவு பண்ணினா ‘பொய்த் தகவல்’னு போயிடும். மூணு வருஷத்துக்கு இந்தப் பொண்ணு எந்த உதவித்தொகைக்கும் விண்ணப்பம் போட முடியாது.”

“அப்ப மறுபடியும் வந்து பாக்கச் சொல்லுங்க. காலி வீட்டைக் காட்டுறேன்.”

“மறு ஆய்வுக்கு நாப்பத்தஞ்சு நாள் ஆகும். அதுலயும் படத்துல இருந்த சாமான் எங்க போச்சுன்னு கேட்டா, பொய்த் தகவல்லதான் போய் நிக்கும். ஃபீஸுக்கு எட்டு நாள்தான் இருக்கு.”

“ஆயிரம்தான் இருந்தாலும் நீங்க மனசு வச்சா—”

“என் மனசுல என்னம்மா இருக்கு? கம்ப்யூட்டர்ல ஒரு எழுத்துகூட என்னால மாத்த முடியாது. இந்த வாரத்துல மட்டும் இரவல் சாமான் வச்ச வீடு ஒம்பது வந்துச்சு.”

ஒன்பது! எங்களைப் போல ஒன்பது முட்டாள்கள் இருக்கிறார்கள் என்பதில் ஒரு நிமிஷம் ஆறுதல்கூட வந்தது, அதற்காகவே என்னை நான் அறைந்துகொள்ளலாம். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பொடிசு என் முழங்கையைப் பிடித்து, “வாங்க பெரியம்மா” என்றாள்.

அடுத்த நாள் வங்கி. டை கட்டிய ஓர் ஆள் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தான். கல்விக் கடனா, தாராளமாக என்றான். இப்போது வங்கிக்காரர்களும் அதே சர்வே மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்களாம். எண்ணைத் தட்டினான். முகம் கொஞ்சம் வாடியது.

“நாப்பத்தொண்ணா? குறைவா இருக்கே. கடனுக்குக் குறைஞ்சது அறுபது வேணும்மா.”

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? “இலவசத்துக்குப் போனா ஆறு அதிகம்கிறாங்க. கடனுக்கு வந்தா பத்தொம்பது குறைச்சல்கிறீங்க. நாப்பத்தொண்ணுக்கு என்னதான் சார் கிடைக்கும்?”

பாவம், அவன் உண்மையாகவே தேடிப் பார்த்தான். இரண்டு மூன்று பக்கம் நகர்த்திப் பார்த்துவிட்டு, “இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா” என்றான்.

மீதி நாள்களில் எங்களால் ஆனதைச் செய்தோம். தங்கச்சியின் காதுத்தோடு ஏற்கெனவே நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்காக அடகுக்குப் போய்விட்டது. நான் வளையலை விற்றேன். ஃபிரிட்ஜைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லித் தவணைக் கடைக்காரனிடம் போனேன். அவன் பாக்கித் தவணையைக் கழித்துவிட்டுச் சொன்ன தொகையில் ஒரு புத்தகம்கூட வாங்க முடியாது. என் வீட்டுக்காரர் வேலையிடத்தில் முன்பணம் வாங்கிவந்தார். எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. அதையாவது கட்டிவைப்போம் என்று பார்த்தால், கம்ப்யூட்டர் முழுத்தொகையைத்தான் வாங்குமாம். பாதி, கால்வாசி எல்லாம் அதற்குத் தெரியாதாம்.

கடைசி நாள் ஐந்து மணி வரைக்கும் கெடு. மூன்று மணிக்குத் தங்கச்சி அரை நாள் லீவு போட்டுவிட்டு என் கடைக்கு வந்தாள். பொடிசும் வந்தாள். யாருக்கும் போக ஓர் இடமில்லை, பார்க்க ஓர் ஆளில்லை. நான் ஒரு பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டே இருந்தேன், தைத்ததைப் பிரித்தேன், மறுபடி தைத்தேன். ஐந்து அடித்தது. ஐந்தேகாலுக்குப் போன் அதிர்ந்தது. இடம் ரத்து செய்யப்பட்டுக் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது என்று அதில் இருந்தது.

“போறவ நல்லாப் படிக்கட்டும்” என்றாள் தங்கச்சி. எனக்கு அப்படி வாழ்த்த மனம் வரவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் பொறாமையாக இருந்தது.

அப்போதுதான் அடக்க முடியாமல் வெடித்தேன். “யாராவது என்னைத் திட்டித் தொலைங்களேன்! என்னாலதானே எல்லாம்! ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

தங்கச்சி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ என்னக்கா பண்ணுவ. நல்லது நினைச்சுத்தானே செஞ்ச” என்றாள். நாலு அறை கொடுத்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

பொடிசு எழுந்து ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துவந்து முதலில் எனக்குக் கொடுத்தாள். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போடலாம் என்றாள். ஆனால் இடத்துக்கு மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பயிற்சிக்குக் கட்ட வேண்டும், மறு ஆய்வு இல்லாமல் சர்வே மதிப்பெண் மூன்று வருஷத்துக்கு மாறாது என்று செய்தியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதையும் அவளே வாசித்துக் காட்டினாள்.

போன வாரம் தங்கச்சி ஃபாக்டரியிலிருந்து நீலத் துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். அங்கே புதிதாகச் சேர்கிறவர்கள் மேலங்கியைத் தாங்களே தைத்துக்கொள்ள வேண்டும். பொடிசு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். செக்கிங் வரிசையில் ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமை சேர வேண்டுமாம்.

வெட்டிவைத்த வெள்ளைக் கோட் துண்டுகள் என் மெஷின் மேலேயே கிடந்தன. அவசர அவசரமாக அவற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். பேசாமல் இருக்கப் பயமாக இருந்தது, எதையாவது பேச வேண்டுமே என்று அளவு நாடாவை எடுத்தேன்.

“இங்க வாடி. நேரா நில்லு, அளவு எடுக்கணும்.”

“வேண்டாம் பெரியம்மா” என்றாள் பொடிசு. “போன மாசம் எடுத்து எழுதி வச்சிருக்கீங்களே. அதே அளவுதான்.”